‘வாஸ்’ தப்பா, டீச்சர்? – தந்தையர் தின ஆங்கில வகுப்பில் நான் பட்டதும் கற்றதும்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் ஆங்கில ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு வேலை தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த மாதத்தின் மூன்றாவது ஞாயிறு தந்தையர் தினம் என்பதால், வாழ்த்து அட்டை செய்ய வைப்பது, ‘மை ஃபாதர்’ என்று பத்து வரி எழுத வைப்பது, அப்பாக்களைப் பள்ளிக்கு அழைத்துப் பிள்ளைகளை மேடையில் வாசிக்க வைப்பது என்று ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு நான் இவை மூன்றையும் ஒரே வாரத்தில் செய்தேன். அதில் எனக்குக் கைக்காசு மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாயும் ஆறு பாடவேளைகளும் போயின. அவற்றை நான் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி என் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கும் துணிவை அந்த வாரத்தில் இழந்தாள். அது திரும்பி வரத் தீபாவளி கடந்துவிட்டது. இப்படியெல்லாம் நடக்கக்கூடும் என்று முன்பே யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி செய்திருப்பேன். அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில், தாமிரபரணிக்கு அருகில் உள்ள ஒரு பள்ளிக்கு அந்த ஜூனில்தான் நான் புதிதாக வந்திருந்தேன். அந்த ஆண்டு வெயில் காரணமாகப் பள்ளிகள் ஜூன் 10ஆம் தேதிதான் திறந்தன; தந்தையர் தினமோ ஜூன் 16. அது ஞாயிறு என்பதால் விழாவை 14ஆம் தேதி வெள்ளிக்கிழமையே வைத்துவிட வேண்டும் என்று பள்ளி நிர்வாகத்தில் சொன்னார்கள். நல்ல படங்கள் வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆக, ஏழாம் வகுப்பின் நாற்பத்திரண்டு பிள்ளைகளை நான் முதன்முதலாகப் பார்த்த திங்கள்கிழமைக்கும் அவர்களுடைய தந்தையரை அழைத்துக் கொண்டாடிய வெள்ளிக்கிழமைக்கும் நடுவே இருந்தவை மூன்றே நாட்கள். பெயர்களையே நான் அப்போது முழுமையாக மனத்தில் பதிக்கவில்லை. யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? தெரியாது என்பது ஒரு காரணமாகாது என்று இப்போது நினைக்கிறேன். ஆறாம் வகுப்பில் அவர்களுக்கு வகுப்பாசிரியராக இருந்தவர் அடுத்த அறையில்தான் அமர்ந்திருந்தார். நான் போய்க் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

செவ்வாய்க்கிழமை கரும்பலகையில் எழுத்துச் சட்டகத்தைப் போட்டேன். ‘மை ஃபாதர் ஈஸ் எ…’, ‘ஹி வொர்க்ஸ் இன்…’, ‘ஹி … எவ்ரி டே’, ‘ஹி ஈஸ் மை ஹீரோ’. ஆண்டின் தொடக்கத்தில் எளிய நிகழ்காலத்தைக் கற்பிக்க வேண்டியிருந்ததால், இலக்கணத்துக்கு இலக்கணமும் விழாவுக்கு விழாவும் ஆயிற்று என்று எனக்கு மிகுந்த நிறைவாக இருந்தது. பிள்ளைகள் முதலில் குறிப்பேட்டில் எழுத வேண்டும், நான் திருத்திக் கொடுத்த பின் பூ விளிம்பு அச்சிட்ட அட்டையில் அழகாகப் படியெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அட்டைகளை அம்பாசமுத்திரத்தில் கலர் பிரிண்ட் எடுத்ததில் எண்ணூற்று நாற்பது ரூபாய். சார்ட், பசை, மினுங்கும் பேனா எல்லாம் சேர்ந்து அறுநூற்று இருபது. ஃப்ளெக்ஸ் பேனர் அறுநூற்று நாற்பது. அப்பாக்களுக்குப் பரிசாக இருபது ரூபாய்ப் பேனாக்கள் நாற்பத்திரண்டு வாங்கியதில் இன்னொரு எண்ணூற்று நாற்பது. டீயும் மிக்சரும் எழுநூறு. கேட்டால் பள்ளியில் தருவார்கள் என்று நம்பிச் செலவழித்தேன்; தரவில்லை. முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்காமல் கைக்காசைப் போட வேண்டாம் என்று புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை இரவு நாற்பத்திரண்டு குறிப்பேடுகளையும் வீட்டுக்கு எடுத்துச் சென்று திருத்தினேன். முப்பதைத் தாண்டும்போது கண் சோர்ந்துவிட்டது. எழுத்துப் பிழையும் காலப் பிழையும் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஒரு குறிப்பேட்டில் ‘மை ஃபாதர் வாஸ் எ மேசன்’, அதாவது ‘என் அப்பா கொத்தனாராக இருந்தார்’ என்றிருந்தது. அடுத்த வரியில் ‘ஹி வொர்க்ட்’ என்றும், அதன் பின் ‘ஹி வாஸ் டால்’, ‘ஹி வாஸ் மை ஹீரோ’ என்றும் இருந்தன. மூன்று ‘வாஸ்’களையும் சிவப்பு மையில் வட்டமிட்டேன். ‘வொர்க்ட்’ என்பதன் கடைசி இரண்டு எழுத்துகளை அடித்தேன். ஓரத்தில் ‘சிம்பிள் பிரசன்ட்’ என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் போட்டேன். ஒரு குழந்தை நான்கு இடத்தில், ஒன்றுகூடத் தவறாமல், சீராக இறந்தகாலத்தைப் பயன்படுத்தியிருக்கிறாளே, இது கவனக்குறைவாக இருக்க முடியுமா என்று ஒரு நொடி நின்று யோசித்திருந்தால் போதும். கவனக்குறைவால் நேரும் பிழை தாறுமாறாக வரும். ஒரே சீராக வருவது பெரும்பாலும் கவனக்குறைவாக இருக்காது, குழந்தை நம்மிடம் ஏதோ சொல்லவும் கூடும். இந்த ஒன்றை ஆங்கிலம் கற்பிக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அவள் மறுநாள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் திருத்தியபடியே அட்டையில் படியெடுத்தாள். ‘மை ஃபாதர் ஈஸ் எ மேசன். ஹி வொர்க்ஸ் இன் திருநெல்வேலி. ஹி கோஸ் டு வொர்க் எவ்ரி டே. ஹி ஈஸ் டால். ஹி ஈஸ் மை ஹீரோ.’ கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் விழாவில் வாசிக்கும் ஐந்து பேரில் அவளையும் சேர்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு நாற்பத்திரண்டு நாற்காலிகள் போட்டிருந்தோம். வந்தவர்கள் ஒன்பது பேர். எனக்கு அழுகை வராத குறைதான். ஏன் வரவில்லை என்று பின்னால் ஒவ்வொன்றாக விசாரித்தபோது, வராமல் போனதற்கு அவர்கள் காரணமில்லை, நான்தான் காரணம் என்று விளங்கிற்று. வெள்ளி ஒரு மணி ஜும்ஆத் தொழுகை நேரம். பத்தமடை, வீரவநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளின் வாப்பாமார் அந்நேரத்தில் பள்ளிவாசலில்தான் இருப்பார்கள். போதாக்குறைக்குத் திங்கள்கிழமை பக்ரீத். வைகாசி முடிந்து ஆனி பிறக்கும் நேரம் கார் பருவ நெல் சாகுபடிக்கு வயல் வேலை தொடங்கும் நேரம். மற்றவர்களில் கொத்தனார், சுமை தூக்குபவர், லாரியில் போகிறவர் என்று நாள் கூலிக்காரர்களே மிகுதி. வந்திருந்த ஒன்பது பேரில் ஒருவர், நான் நீட்டிய பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, “அரை நாள் சம்பளம் போச்சு டீச்சர், பரவால்ல, புள்ள ஆசப்பட்டான்னு வந்தேன்” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் என் இருபது ரூபாய்ப் பேனாவுக்கும் அவருடைய அரை நாள் கூலிக்கும் உள்ள தூரத்தை நினைத்துக் கூசிப் போனேன். பகல் நேரத்தில் தந்தையரை அழைக்கும் எந்த நிகழ்ச்சியும் கூலி வேலை செய்பவருக்கு ஒரு செலவு. அழைப்புக் கடிதம் எழுதுவதற்கு முன் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அந்தப் பெண் நான்காவதாக வாசித்தாள். ஒலிபெருக்கியில் குரல் தெளிவாக வந்தது, ஓரிடத்திலும் தடுமாறவில்லை, எல்லாரும் கைதட்டினார்கள், நான்தான் எல்லாரையும் விட ஓங்கித் தட்டினேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் தட்டாமல் தலையைக் குனிந்துகொண்டார். டீ கொடுக்கும்போது என்னைத் தனியாக அழைத்து, “டீச்சர், அது எங்க தெருப் புள்ள. அவுங்க ஐயா போன தை மாசம் சாரத்துல இருந்து விழுந்து தவறிட்டாவ. ஒங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டார். கையிலிருந்த டம்ளரை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. ஆறு மாதம்கூட ஆகாத துக்கத்தோடு ஒரு பிள்ளை உண்மையைச் சரியான காலத்தில் எழுதியிருக்கிறாள். நான் அதைப் பிழை என்று வட்டமிட்டு, இறந்தவரை உயிரோடிருப்பதாக எழுத வைத்து, அதை ஊர் முன்னால் வாசிக்கவும் வைத்திருக்கிறேன். கடந்தது என்ற பொருளில்தான் தமிழில் நாம் இறந்தகாலம் என்கிறோம். ஆனால் அன்று முதல் அந்தச் சொல்லை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு கணம் தொண்டை அடைக்கிறது.

அன்றைய கதை அத்துடன் முடியவில்லை. அட்டைகள் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டியிருந்தோம். ‘ஹி … எவ்ரி டே’ என்ற வரியில் ஒரு சிறுவன் ‘ஹி டிரிங்க்ஸ் எவ்ரி டே’ என்று எழுதியிருந்தான். குறிப்பேட்டில் நான் அதற்குச் சரி என்று குறிபோட்டிருந்தேன்; இலக்கணப்படி அது சரிதானே? பிற்பகல் முழுவதும் மற்ற பையன்கள் அதைப் படித்துப் படித்துச் சிரித்திருக்கிறார்கள். அட்டையைக் கழற்றிவிட்டு அவனை அழைத்தபோது, “நீங்கதான டீச்சர் டெய்லி செய்யுத வேலைய எழுதச் சொன்னீங்க?” என்றான். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வீட்டைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் வீட்டைப் பற்றித்தான் எழுதுவார்கள். ஆகவே, வீட்டைப் பற்றிய எழுத்து எதையும் அந்தக் குழந்தையைக் கேட்காமல் சுவரில் ஒட்டக் கூடாது, சத்தமாக வாசிக்கச் சொல்லக் கூடாது, வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. ‘இது நாம் இருவர் மட்டும் படிக்கவா, எல்லாரும் படிக்கலாமா?’ என்று தாளின் மேல்மூலையில் பிள்ளையே குறித்துத் தருவதற்கு ஓர் இடம் விட்டுவிட்டால் போதும்; நான் இப்போது ஒரு சிறு கட்டம் போட்டுவிடுகிறேன். அடி, பட்டினி, அச்சம் என்று எழுத்தில் ஏதாவது தெரிந்தால் அதை மொழிப் பயிற்சியாக எண்ணித் திருத்திவிட்டுப் போய்விடாமல், தலைமையாசிரியரிடம் சொல்லவும், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கவும் நாம் கடமைப்பட்டவர்கள்.

சனிக்கிழமை காலையில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார். வீட்டில் ஆச்சி மட்டும்தான். ஆச்சி வாசற்படியில் அமர்ந்து மடியில் பீடித்தட்டை வைத்து இலையில் தூள் பரப்பிச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டை ஒதுக்கிவிட்டு, “வாங்க டீச்சர், உள்ள வாங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் மன்னிப்புக் கேட்க வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அந்தப் பெண்தான் கதவோரம் நின்றபடி, மிகவும் மெதுவாக, “‘வாஸ்’ தப்பா, டீச்சர்?” என்று கேட்டாள். தப்பில்லை, நீ எழுதியதுதான் சரி, டீச்சர்தான் தப்பாகத் திருத்திவிட்டேன் என்று சொல்லி, அவளுடைய குறிப்பேட்டை வாங்கி, என் வட்டங்களை நானே அடித்து, ஒவ்வொரு ‘வாஸ்’ மேலும் சரி என்று குறியிட்டுத் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். ஆசிரியர் தன் திருத்தத்தை மாணவியின் கண்முன்னால் திருத்துவது சிறுமை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயினும் அவள் மீண்டும் வகுப்பில் எழுந்து வாசிப்பதற்குக் கார்த்திகை பிறக்க வேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த விடுமுறைகளில்தான் தந்தையர் தினம் எப்படி வந்தது என்று நிதானமாகப் படித்தேன். விழாவுக்கு முன்னால் படித்திருக்க வேண்டியது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மொனொங்கா என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கம் 1907 டிசம்பர் 6ஆம் தேதி வெடித்து முந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் பிள்ளைகுட்டிக்காரர்கள். அடுத்த ஆண்டு ஜூலை 5ஆம் தேதி அருகிலுள்ள ஃபேர்மான்ட் ஊரின் தேவாலயம் ஒன்றில் தந்தையருக்கென ஒரு வழிபாடு நடந்தது. அதை வேண்டிக் கேட்ட கிரேஸ் கோல்டன் கிளேட்டன் என்ற பெண்மணியும் தந்தையை இழந்தவரே. அது அந்த ஒரு தடவையோடு நின்றுபோனது. இப்போது நாம் கொண்டாடும் நாள், வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரில் 1910 ஜூன் 19ஆம் தேதி சொனோரா ஸ்மார்ட் டாட் என்பவரின் முயற்சியால் தொடங்கியது. பிரசவத்தில் தாய் இறந்த பிறகு ஆறு பிள்ளைகளையும் தனியாளாக வளர்த்தவர் அவருடைய தந்தை. அந்நாளில் தந்தை உயிரோடிருப்பவர்கள் சிவப்பு ரோஜாவும் தந்தையை இழந்தவர்கள் வெள்ளை ரோஜாவும் அணியும் வழக்கம் இருந்தது. 1972ல்தான் அமெரிக்காவில் சட்டப்படி நிலையான நாளாயிற்று. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வைச் சொல்லத் தெரியவில்லை. சுரங்கத்தில் இறந்தவர்களுக்கான வழிபாடும் தாயில்லா வீட்டின் கதையும் வெள்ளை ரோஜாவும் சேர்ந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டு, தந்தையை இழந்த பிள்ளைக்கு அதில் ஒரு வாக்கியம்கூட இடமில்லாதபடி நான் சட்டகம் போட்டிருக்கிறேன்.

2025ல் பள்ளி ஜூன் 2ஆம் தேதி திறந்தது, தந்தையர் தினம் 15ஆம் தேதி. அதே நாற்பத்திரண்டு பேரும் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கே நான் மீண்டும் செய்து காட்டக் கடன்பட்டிருந்தேன். அதற்குள் ஒவ்வொரு வீட்டையும் அறிந்திருந்தேன். இருபத்துமூன்று பேருக்கு அப்பா வீட்டோடு இருந்தார். பதினொரு பேரின் அப்பாக்கள் துபாய், சவுதி, மும்பை, கேரளம், சென்னை மளிகைக்கடை என்று வெளியில். நால்வருக்குத் தந்தை இல்லை. மூவரின் தந்தையர் பிரிந்து போயிருந்தனர். ஒருவனைத் தாய்மாமன் வளர்த்தார். இந்தக் கணக்கை வகுப்பில் கையைத் தூக்கச் சொல்லி எடுக்கக் கூடாது. முந்தைய வகுப்பாசிரியரிடமும் சேர்க்கைப் பதிவேட்டிலும் ஓசையில்லாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த பின், அப்பா இல்லாதவர்களை மட்டும் தனியே அழைத்து ‘நீ உன் அம்மாவைப் பற்றி எழுது’ என்று சொல்வது அவர்களை மேலும் தனிமைப்படுத்தும். எல்லாருக்கும் ஒரே வேலையைக் கொடுத்து, அந்த வேலையை எல்லாரும் நுழையக்கூடிய அகலத்துக்குத் திறந்து வைப்பதே நல்லது. ‘என்னைத் தூக்கி வளர்த்த ஒருவர்’ என்று தலைப்பை மாற்றினேன். அப்பாவைப் பற்றித்தான் பெரும்பாலோர் எழுதினார்கள். அதில் ஒரு குறையும் வரவில்லை.

முதல் பாடவேளையில் மொனொங்கா, ஸ்போகேன் கதைகளைப் பன்னிரண்டு எளிய வாக்கியங்களாக எழுதி வாசிக்க வைத்தேன். கதை முழுவதும் நடந்து முடிந்தது என்பதால் எல்லாமே இறந்தகால வினைகள். ‘வாஸ்’, ‘வேர்’, ‘டைட்’, ‘ரெய்ஸ்ட்’ என்று அவர்களே அடிக்கோடிட்டார்கள். ஆண்டுகளை ஆங்கிலத்தில் ‘நைன்டீன் டென்’ என்று இரண்டாகப் பிரித்து வாசிக்கும் பயிற்சியும் அதிலேயே கிடைத்தது. அடுத்து ‘யூஸ்ட் டு’ என்ற அமைப்பு. முன்பு வழக்கமாகச் செய்ததைச் சொல்ல உதவும் இது, உயிரோடிருப்பவருக்கும் பொருந்தும், இல்லாதவருக்கும் பொருந்தும், வெளிநாட்டில் இருப்பவருக்கும் பொருந்தும். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், நீங்கள் எங்கள் வயதில் என்ன செய்வீர்கள் என்று தமிழிலேயே மூன்று கேள்விகள் கேட்டு, பதிலைத் தமிழில் எழுதி வந்து, வகுப்பில் இருவர் இருவராக அமர்ந்து ஆங்கிலமாக்க வேண்டும். ஆற்றில் குதித்தது, பனம்பழம் சுட்டுத் தின்றது, காருகுறிச்சியில் சூளைக்கு விறகு சுமந்தது என்று வந்து குவிந்தன. அப்பா துபாயில் இருந்த ஒரு பிள்ளை கேள்விகளைக் குரல் பதிவாக அனுப்ப, அவர் இரவு வேலை முடிந்து நாலு நிமிடம் பேசி அனுப்பியிருந்தார். அரை நாள் கூலியை இழந்து நாற்காலியில் வந்து அமரும் விழாவை விட இது எத்தனையோ மேல்.

‘கைண்ட்’, ‘லவ்விங்’, ‘ஹானஸ்ட்’ என்ற பெயரடைகளை அந்த வாரம் நான் பயன்படுத்த விடவில்லை. முந்தைய ஆண்டு ‘ஃபாதர்’ என்ற சொல்லில் ‘எஃப்’ எழுத்துக்கு ‘ஃபெய்த்ஃபுல்’, ‘ஏ’ எழுத்துக்கு ‘அமேசிங்’ என்று எழுத்துக்கு ஒரு சொல்லாகச் செய்யச் சொன்னபோது நாற்பத்திரண்டு பேரும் ஒரே பட்டியலைத்தான் படியெடுத்திருந்தார்கள். யாருடைய தந்தையும் அதில் இல்லை. இந்த முறை, அவருடைய கை என்னென்ன செய்யும் என்று ஐந்து வினைச்சொற்கள் கேட்டேன். கட்டுவது, பூசுவது, முடிச்சிடுவது, அளப்பது, நாற்று நடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லைத் தேடி அகராதியை அவர்களாகவே புரட்டினார்கள். பிறகு அவருடைய சட்டைப் பையில் என்ன இருக்கும் என்று ஒரு பட்டியல். ரப்பர் பேண்ட் போட்ட சிறு நோட்டு, பாதி உடைந்த சீப்பு, பஸ் டிக்கெட், தைலக் குப்பி. ‘எ ஸ்மால் நோட்புக் வித் எ ரப்பர் பேண்ட்’ என்று ஒரு பிள்ளை எழுதிய பிறகு, பெயர்ச்சொற்றொடர் என்றால் என்ன என்று நான் தனியாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ‘ஐயா’, ‘வாப்பா’, ‘மாமா’, ‘சித்தப்பா’ ஆகிய சொற்களை ஆங்கில வாக்கியத்திலும் அப்படியே எழுத அனுமதித்தேன். சித்தப்பாவும் பெரியப்பாவும் தாய்மாமனும் ‘அங்கிள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்க மாட்டார்கள் என்பது பிள்ளைகளுக்கு நம்மை விட நன்றாகத் தெரியும். தாய்மாமன் வளர்த்த பையன் ‘மை மாமா’ என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினான். அதுவரை அவன் மூன்று வரி தாண்டியதே இல்லை.

முடிவில் அட்டைக்குப் பதிலாக அஞ்சலட்டை. ஒன்று ஐம்பது காசு; நாற்பத்திரண்டு அட்டைக்கு இருபத்தொரு ரூபாய். அதுவே அந்த ஆண்டின் மொத்தச் செலவு. முகவரியும் பின்கோடும் எழுதுவது பாடத்திட்டத்தில் இருப்பதுதான். யாருக்கு எழுதுவது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டேன். நான்கைந்து வரிக்கு மேல் இடமில்லாததால் நீட்டி முழக்கவும் வழியில்லை. முதல் பிரதியை நான் திருத்தியபோது இம்முறை பச்சை மையில், வாக்கியத்தின் மேல் கைவைக்கும் முன், ‘இதில் என்ன சொல்ல வருகிறாய்?’ என்று ஒவ்வொருவரையும் அருகில் அழைத்துக் கேட்டேன். நாற்பத்திரண்டு பேருக்கும் இரண்டு பாடவேளை முழுதாக ஆயிற்று. குறைத்துச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து, மதிய உணவு வேளையில் அந்தப் பெண்ணின் ஆச்சி பள்ளி வாசலில் வந்து நின்றார். கையில் அஞ்சலட்டை. பேத்தி தனக்கு எழுதியிருக்கிறாள், தபால்காரர் இங்கிலீஷ் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், அவளைக் கேட்டால் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள், நீங்கள் படித்துச் சொல்லுங்கள் என்றார். வேப்பமரத்தடிப் பெஞ்சில் இருவரும் அமர்ந்தோம். ‘மை ஐயா வாஸ் எ மேசன். ஹி பில்ட் த ஸ்டெப்ஸ் ஆஃப் அவர் ஹவுஸ். ஆச்சி அண்ட் ஐ சிட் ஆன் தெம் எவ்ரி ஈவ்னிங்.’ ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். எங்க ஐயா கொத்தனாரா இருந்தாவ. எங்க வீட்டுப் படியக் கட்டுனது அவுகதான். நானும் ஆச்சியும் தெனமும் சாயந்தரம் அதுல உக்காருவோம். ஆச்சி படியைப் பற்றிய வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அட்டையை வாங்கிச் சுருக்குப் பைக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டு, “மூணு படிதான் கட்டுனான் டீச்சர். நாலாவதுக்குச் சிமெண்டு பத்தல” என்றார்.